செவ்வாய்க்கிழமைப் பூச்சு

வண்டி வந்தது வியாழக்கிழமை. பூச்சுக்காரன் கோரன் கொடுத்த தேதியோ செவ்வாய்க்கிழமை. நடுவில் ஐந்து இரவுகள். அந்த ஐந்து இரவும் கழிமுகத்து உப்புக்காற்று கொட்டகைக்குள் வந்து போகும் என்பதை லைல் ட்ரெவினுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

முப்பத்து நான்கு வருடமாக ஆஸ்திரேலியாவின் கிளைட் ஆற்றில் சிப்பி வளர்க்கிறவர் அவர். உப்பு எதை எத்தனை நாளில் தின்னும் என்று கணக்காகத் தெரியும். தபால் பெட்டியின் கீலுக்கு இரண்டு வருடம். துணி காயப்போடும் கம்பிக்கு நான்கு. படகு ஏற்றும் டிரெய்லரின் போல்ட்டுகளை கவனிக்காமல் விட்டால் ஒரே ஒரு மழைக்காலம். அப்படிப்பட்ட காற்றில் அடர்பச்சை வர்ணமும், டேங்கின் மேல் மயிரிழை போல ஒரு தங்கக்கோடுமாகப் புத்தம்புது மோட்டார் சைக்கிள் நின்றால் மனிதனுக்குத் தூக்கம் எப்படி வரும்?

வண்டி அவருடையது அல்ல, மனைவி நோரீனுடையது. இருபத்தேழு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டிவிட்டு, போன டிசம்பரில் ஓய்வு பெற்று, அறுபத்தொன்றாம் வயதில் உரிமம் எடுத்து வாங்கினாள். இரண்டு வருடத்துக்கு முன் படகுத்துறைப் பாசியில் வழுக்கி வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டவள். கையின் பிடி பழையபடி வந்துவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகுதான் வண்டிக் கடைப் பக்கமே போனாள்.

வண்டியைப் பார்த்ததும் லைல், "நல்லா இருக்கு," என்றார். அடுத்த வார்த்தையே, "வர்ணம் போயிடும்," என்றார்.

"போகாம இருக்கத்தான் கோரன்கிட்ட பேசியிருக்கேன். செராமிக் பூச்சு, வர்ணத்து மேல கண்ணாடி மாதிரி நிக்கும்."

"அவன் எதுக்கு? சின்ன பாட்டில்ல கடையிலயே விக்கிறான். நானே பூசிடுவேன்."

"நீ வர்ணம் பூசின சமையலறைக் கதவு இன்னும் கையில ஒட்டுது, லைல்."

கோரனும் அதையேதான் வேறு மாதிரி சொன்னான். ஊர் எல்லையில் கார்களுக்கும் படகுகளுக்கும் பூச்சு வேலை செய்கிறவன். லைலைவிட இருபது வயது இளையவன், ஆனால் தொழிலைப் பற்றிப் பேசும்போது வாத்தியார். "அது பூசினதும் நிமிஷத்துல துடைக்கணும். விட்டா முட்டை வெள்ளை காய்ஞ்ச மாதிரி திட்டுத் திட்டா உறைஞ்சிடும். அப்புறம் தேய்ச்சுத்தான் எடுக்கணும். செவ்வாய்க்கிழமை கொண்டாங்க. அதுவரைக்கும் வர்ணத்து மேல மெழுகு வேண்டாம், பாலிஷ் வேண்டாம். வெறும் தண்ணி, மெத்துன்னு ஒரு துணி. அவ்வளவுதான்."

வெள்ளிக்கிழமை காலை லைல் டேங்கின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிசுபிசுத்தது. துடைத்தார். மத்தியானம் வைத்துப் பார்த்தார். மறுபடியும் பிசுபிசுத்தது.

"நீ பயப்படறது வர்ணத்துக்கா, எனக்கா?" என்று அடுக்களை ஜன்னலிலிருந்து நோரீன் கேட்டாள்.

"வர்ணத்துக்குத்தான்," என்றார் லைல், திரும்பிப் பார்க்காமல்.

மூன்று மணிக்கு அவள் முடிவெட்டிக்கொள்ள ஊருக்குள் போனாள். லைல் அலமாரியிலிருந்து கம்பளிக் கொழுப்பு டப்பாவை எடுத்தார். ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கிற கொழுப்பு அது. இந்தக் கரையில் அது இல்லாத கொட்டகை கிடையாது. டப்பாவை அழுத்தினால் தேன் நிறத்தில் மெல்லியதாக விசிறும். பட்ட இடத்தில் படலமாக ஒட்டிக்கொள்ளும். உப்பு கிட்டே வராது. கோரன் வர்ணத்தைத்தானே தொடாதே என்றான், போல்ட்டுகளைச் சொல்லவில்லையே என்று லைல் தனக்குள் வாதாடி வென்றார். டேங்குக்கும் மட்கார்டுகளுக்கும் பழைய படுக்கை விரிப்பைப் போர்த்தி, ஓரங்களைத் துணி கிளிப்பால் கவ்வவைத்து, டிரெய்லருக்கு எப்படியோ அப்படியே, முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஒரு மூலை விடாமல் அடித்து முடித்தார். தரையைத் துடைத்தார். விரிப்பை மடித்து டிரெய்லருக்குள் ஒளித்தார். நோரீன் திரும்பி வந்தபோது கைகழுவிவிட்டு நல்ல பிள்ளையாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அன்று இரவு தூக்கம் வந்தது.

சனிக்கிழமை விடிகாலையில் ஆற்றில் நீர் வற்றும் நேரம். லைல் ஐந்து மணிக்கே சிப்பித் தட்டுகளைப் புரட்டிப் போடத் தட்டைப் படகில் போய்விட்டார். ஒன்பதேகாலுக்கு வீடு திரும்பினால் கொட்டகை காலி. குளிர்பெட்டிக் கதவில் சீட்டு: "பிரெய்ட்வுட் போகிறேன். எட்டரைக்குக் கிளம்புகிறேன். பேக்கரியில் இறைச்சி பஃப் சாப்பிட்டுவிட்டுப் பத்தரைக்கு அங்கிருந்து புறப்படுவேன். உனக்கும் ஒன்று வாங்கி வருகிறேன்."

பிரெய்ட்வுட் என்றால் கிளைட் மலை. போகும்போது ஏற்றம், வரும்போது ஒரே இறக்கம், கொண்டை ஊசி வளைவுகள். ஆனால் லைலின் மனம் போய் நின்ற இடம் வேறு. நேற்று விரிப்பு ஒரு தடவை நழுவியது; தங்கக்கோட்டின் மேல் நாலைந்து சொட்டு விழுந்தது; துடைத்தார்தான், ஆனாலும் கொழுப்பு கொழுப்புதானே. செவ்வாய்க்கிழமை அங்கே மட்டும் பூச்சு பிடிக்காமல் போனால் நோரீன் கண்டுபிடித்துவிடுவாள். அவள் காதில் விழாத நேரமாக இருக்கிறதே என்று கோரனைக் கூப்பிட்டார்.

"நெனச்சேன்," என்றான் கோரன். "உங்களால கையை வச்சுக்கிட்டு சும்மா அஞ்சு நாள் இருக்க முடியாதுன்னு என் பொண்டாட்டிகிட்ட பந்தயமே கட்டினேன். என்னத்த அடிச்சீங்க?"

"கம்பளிக் கொழுப்பு. டேங்க்ல இல்லப்பா, நாலைஞ்சு சொட்டுதான்."

"அது ஒண்ணும் இல்ல. கழுவி எடுத்துடலாம். வேற எங்க அடிச்சீங்க?"

"வர்ணம் இல்லாத எடம் எல்லாம். டிரெய்லருக்கு அடிக்கிற மாதிரி."

கோரன் சிரிப்பதை நிறுத்தினான். "டிரெய்லருக்கு எங்கெங்க அடிப்பீங்க?"

"போல்ட்டு, அச்சு, ஸ்பிரிங், டிஸ்க்..."

"டிஸ்க்கா? பிரேக் டிஸ்க்கா?"

"ஆமா. உப்புத்தண்ணியில முங்கி எந்திரிக்கிற டிரெய்லர். அடிக்கலன்னா இறுகிப் போயிடும். இழுத்துட்டு ரெண்டு தெரு போனா கொழுப்பு தானா எரிஞ்சு போயிடும். எல்லாரும் பண்றதுதானே..." சொல்லிக்கொண்டே வந்தவரின் குரல் பாதியில் நின்றது. டிரெய்லரை இழுப்பது அவருடைய யூட், பின்னால் திறந்த தட்டு வைத்த சின்ன லாரி. அந்த வண்டிக்குத் தனி பிரேக் நாலு சக்கரத்திலும் இருக்கிறது. மோட்டார் சைக்கிளை முன்னால் போய் இழுக்க யாருமில்லை.

"லைல்," என்றான் கோரன், ரொம்ப நிதானமாக. "முன்சக்கரத்துலயுமா அடிச்சீங்க?"

லைல் நேற்றைய தன் கையை நினைத்துப் பார்த்தார். முன்சக்கரம், இடது பக்கம், வலது பக்கம். பின்சக்கரம். முப்பத்து நான்கு வருடப் பழக்கம். கை தன் பாட்டுக்குப் போயிருந்தது. "ரெண்டு பக்கமும்."

"வண்டி இப்ப எங்க?"

"மலை ஏறிடுச்சு. பிரெய்ட்வுட் பேக்கரிக்குப் போயிருக்கா."

கோரன் அவசரமாகப் பேசினான். "கேளுங்க. ஏற்றத்துல பிரேக்குக்கு வேலையே இல்ல. பாதி பிடிச்சாலும் தெரியாது. ஆனா அந்தக் கொழுப்பு பிரேக் கட்டைக்குள்ள ஊறியிருக்கும். இறக்கத்துல அழுத்தி அழுத்திச் சூடாச்சுன்னா உருகி வெளிய வரும். அவங்க இறங்கக் கூடாது. நீங்க கிளம்புங்க, பேக்கரிக்கு நான் போன் பண்றேன்."

லைல் ரப்பர் காலணியைக்கூடக் கழற்றவில்லை. யூட்டின் பின்தட்டில் சிப்பிக் கூடைகள் அப்படியே கிடக்க, வண்டியைத் திருப்பினார். நோரீன் எண்ணுக்கு அடித்துக்கொண்டே போனார். ஓட்டும்போது அவள் எடுக்கமாட்டாள், அது பேருந்துக் காலத்துப் பழக்கம். நெல்லிகன் பாலத்துக்கு அந்தப் பக்கம் போனதும் சிக்னல் போய்விட்டது. பதினோரு தடவை அடித்திருந்தார்.

எதிரே வரும் ஒவ்வொரு விளக்கையும் பார்த்தார். இரட்டை விளக்கு என்றால் கார், மூச்சு விடலாம். ஒற்றை விளக்கு என்றால் கால் தானாக வேகத்தைக் குறைத்தது. ஒன்று சிவப்பு வண்டி. இன்னொன்று ஒரு விளக்கு அவிந்துபோன பழைய வேன். அதன் ஓட்டுநரைப் பார்த்து லைல் காரணமில்லாமல் திட்டினார்.

மலை அடிவாரம் தாண்டி மூன்றாவது வளைவில் சாலை வேலை. ஆரஞ்சுச் சட்டை போட்ட பெண் ஒருத்தி 'நில்' பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சட்டையில் கீலி என்று எழுதியிருந்தது. லைல் கண்ணாடியை இறக்கினார்.

"அவசரம்மா. என்னை விட்டுடு."

"எல்லாருக்கும் அவசரம்தான் பெரியவரே. மேல ஒத்தைப் பாதை. கல்லு லாரி இறங்குது. பத்து நிமிஷம்."

"ஒரு பச்சை மோட்டார் சைக்கிள் போச்சா? ஒரு அம்மா?"

கீலி பலகையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். "அந்தம்மாவா! உங்களுக்கு வேண்டியவங்களா? என் கால் மேல ஏத்தப் பாத்தாங்க. நான் 'நில்'லுன்னு காட்டுறேன், அவங்க பாட்டுக்கு என்னைத் தாண்டிப் போயி அந்தக் கூம்புகிட்ட காலை ஊனி நிறுத்துறாங்க. ஏற்றமா இருந்ததால நின்னுச்சு. வெள்ளையா வெளுத்துட்டாங்க பாவம். 'மன்னிச்சுக்கம்மா, என் மணிக்கட்டு சரியில்ல'ன்னாங்க."

லைல் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். "எறங்கி வந்தாங்களா?"

"இன்னும் இல்ல. இறங்குற வண்டி எல்லாம் என்னைத் தாண்டித்தானே போகணும்."

"வந்தா நிறுத்தும்மா. பிரேக் இல்ல அந்த வண்டியில."

"பிரேக் இல்லாத வண்டிய நான் எப்படிய்யா நிறுத்துறது?" என்று கேட்ட கீலி, அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினாள். கம்பியில்லாப் பேசியை எடுத்து மேலே நிற்கிறவனிடம் ஏதோ சொன்னாள். "மேல எங்காளு கிட்ட சொல்லிட்டேன். உச்சியில பச்சை வண்டி வந்தா மறிச்சு வைப்பான். அங்க சமதளம்தான்."

பத்து நிமிஷம் என்றது பதினான்கு நிமிஷமாயிற்று. கல் லாரி ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு பழுதான வண்டிகளைத் தூக்கிச் செல்லும் லாரி ஒன்று, பின்தட்டில் தார்ப்பாய் மூடிய எதையோ ஏற்றிக்கொண்டு மெல்ல இறங்கியது. தார்ப்பாய் விலகின இடத்தில் பச்சை. லைல் யூட்டின் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்துவிட்டார். வண்டி பக்கத்தில் வந்ததும் தெரிந்தது: மழைநீர்த் தொட்டி. காலை உள்ளே இழுத்துக்கொண்டார். கீலி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு பலகையைத் திருப்பினாள்.

உச்சியில் நின்ற ஆள் கையை விரித்துக் காட்டினான். யாரும் வரவில்லை. அதற்குப் பிறகு இருபது கிலோமீட்டருக்கு மேல் புல்வெளி, நேர்ச்சாலை. ஊர் நெருங்கியதும் சிக்னல் வந்து கோரனின் செய்தி ஒன்று விழுந்தது: பேக்கரியில் யாரும் போனை எடுக்கவில்லை. மணி பத்து முப்பத்தொன்று.

வண்டி பேக்கரிக்கு எதிரே மரத்தடியில் நின்றது. வெயிலில் அந்தப் பச்சை பளபளத்தது. ஒரு தூசு இல்லை. பக்கத்து மரப்பெஞ்சில் நோரீன் உட்கார்ந்திருந்தாள். தலைக்கவசம் மடியில். இறைச்சி பஃப் கடிக்காமல் காகிதத்தின் மேல். லைல் யூட்டைக் கோணலாக நிறுத்திவிட்டு, சேறு காய்ந்த ரப்பர் காலணியோடு சாலையைக் கடந்தார். சனிக்கிழமைக் கூட்டம் அவரை வேடிக்கை பார்த்தது.

"பதினோரு தடவை கூப்பிட்டிருக்கே," என்றாள் நோரீன். "முட்டை வாங்கிட்டு வரச் சொல்றியோன்னு நெனச்சேன். திருப்பி அடிச்சேன், உன் போன் கெடைக்கல."

லைல் பக்கத்தில் உட்கார்ந்தார். மூச்சு இறைத்தது. சொல்ல வேண்டியதை வழியெல்லாம் கோத்துக்கொண்டு வந்திருந்தார். அதற்குள் அவளே பேசினாள்.

"யூட்டைக் கொண்டு வந்தது நல்லதாப் போச்சு. வண்டிய அதுல ஏத்திடலாம். நான் ஓட்டல இனிமே."

"ஏன்?"

"கை பிடிக்கல, லைல்." வலது மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினாள். "நம்ம தெரு முனையிலயே தெரிஞ்சுது. பிரேக்கைப் புடிக்கிறேன், நிக்க மாட்டேங்குது. குளிரா இருக்கும்னு நெனச்சேன். பாலத்துகிட்ட ஒரு தடவை. மலையில ஒரு சின்னப் பொண்ணை இடிச்சிருப்பேன். இங்க வந்து ஒரு மணி நேரமா இந்தக் கையத்தான் பாத்துட்டு உக்காந்திருக்கேன். டாக்டர் ஏதோ மனசு நோகக் கூடாதுன்னு எழுதிக் கொடுத்துட்டாரு போல. கடைக்காரன்கிட்ட பேசிட்டேன். திங்கட்கிழமை திருப்பி எடுத்துக்கறானாம்."

லைல் வாயைத் திறந்தார். மூடினார்.

வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும். திங்கட்கிழமை வண்டி போய்விடும். இனி சனிக்கிழமைகளில் குளிர்பெட்டியில் சீட்டு இருக்காது. இந்த மலை, இந்த ஒற்றை விளக்குகள், எதுவும் இருக்காது. வண்டி வருவதற்கு முன்பிருந்தே, அவள் உரிமத்துக்குப் படித்த நாட்களிலிருந்தே, அவர் வாய்விட்டுக் கேட்காமல் கேட்டது அதுதான். அது இப்போது தானாக மடியில் வந்து விழுந்திருந்தது.

நோரீன் காலியான காப்பிக் கோப்பையை வலது கையில் எடுத்தாள். அழுத்தினாள். காகிதக் கோப்பை அப்பளம் போல நொறுங்கித் தட்டையாயிற்று. அதை விரித்துப் பார்த்தாள். இன்னொரு தடவை அழுத்தினாள். "இதை நசுக்குது. பிரேக்கை மட்டும் முடியல. வயசாயிடுச்சு, அவ்வளவுதான்," என்றாள். அவள் கண்ணில் தண்ணீர் இல்லை. பேருந்துச் சாவியை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு வந்த அன்று எப்படி இருந்தாளோ அப்படி இருந்தாள்.

"கை இல்ல நோரீன்," என்றார் லைல். "நான்தான்."

"என்ன நீதான்?"

"நேத்து, நீ முடி வெட்டப் போனப்ப. கம்பளிக் கொழுப்பு அடிச்சேன். டிஸ்க்லயும் அடிச்சிட்டேன். டிரெய்லருக்கு அடிக்கிற கை."

நோரீன் நசுங்கிய கோப்பையைப் பெஞ்சில் வைத்தாள். "முன்னாடியுமா?"

"ரெண்டு பக்கமும்."

"பின்னாடி?"

"பின்னாடியும்."

"எப்பத் தெரிஞ்சுது உனக்கு?"

"இன்னிக்குக் காலையில. கோரன் சொல்லித்தான். அப்பவே கிளம்பிட்டேன்."

"அத நம்புறேன். காலைப் பாத்தாலே தெரியுது." அவள் ரப்பர் காலணியைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். "இப்ப கை போச்சுன்னு சொன்னேன். வண்டிய திருப்பிக் குடுக்கறேன்னு சொன்னேன். நீ உடனே சொல்லல."

"ஒரு நிமிஷம்..."

"ஒரு நிமிஷம் இல்ல. வாயைத் தொறந்தே, மூடினே. நான் பாத்துட்டேதான் இருந்தேன்."

லைல் தலை குனிந்துகொண்டார். டிஸ்க்கில் அடித்ததற்கு மன்னிப்புக் கேட்க வார்த்தை இருந்தது. இதற்கு இல்லை.

நோரீன் எழுந்து வண்டியருகே போனாள். குனிந்து முன் டிஸ்க்கில் விரலை வைத்து இழுத்து, மூக்கருகே கொண்டுபோனாள். ஆட்டு வாடை. பேருந்தில் பின் இருக்கைப் பையன்கள் செய்த அட்டகாசத்தைக் கண்டுபிடித்தபோது வருகிற அதே மூச்சை விட்டாள். போனை எடுத்துக் கடைக்காரனைக் கூப்பிட்டாள்.

"நோரீன் ட்ரெவின் பேசறேன். திங்கட்கிழமை வண்டிய எடுக்க வேண்டாம். கோளாறு வண்டியில இல்ல, என் கையிலயும் இல்ல. புருஷன்கிட்ட. ஆமா, அதுக்கு உத்தரவாதக் காலம் என்னிக்கோ முடிஞ்சு போச்சு. புது பிரேக் கட்டை வேணும், முன்னாடி பின்னாடி எல்லாம். சரி."

பேக்கரியில் வரிசையில் நின்ற இரண்டு பேர் கைகொடுத்தார்கள். பக்கத்து இரும்புக்கடையில் பலகை இரவல் வாங்கி வண்டியை யூட்டில் ஏற்றினார்கள். சிப்பிக் கூடையின் கம்பி டேங்கில் உரசாமலிருக்க லைல் தன் மேல்சட்டையைக் கழற்றி நடுவில் திணிக்கப் போனார்.

"வர்ணத்தைத் தொடாதே," என்றாள் நோரீன். அவளே சாக்கை மடித்து வைத்து, அவளே கயிற்றை இறுக்கிக் கட்டினாள். சாவிக்காகக் கையை நீட்டினாள். லைல் கொடுத்துவிட்டு மறுபக்கம் போய் உட்கார்ந்தார்.

உச்சி வரை நேர்ச்சாலையில் ஒரே சீராக ஓட்டினாள். முதல் கொண்டை ஊசி வளைவில் பிரேக்கை அழுத்தினாள். யூட் தலையை ஆட்டி நின்றது. லைலின் நெற்றி கண்ணாடிக்கு நாலு விரற்கடை வரை போய்த் திரும்பியது.

"புடிக்குது," என்றாள் நோரீன்.

"ம்."

"அடுத்த சனிக்கிழமையும் வருவேன். புது பிரேக்கோட."

"சரி."

"சரின்னு சொல்லிட்டு வெள்ளிக்கிழமை எதையாவது எடுத்துட்டு வண்டிகிட்ட போவே."

"போகமாட்டேன்."

"பயமா இருக்கா உனக்கு?"

இரண்டாவது வளைவு வந்தது. கீழே பள்ளத்தாக்கில் மரங்களின் தலை மட்டும் தெரிந்தது. "இருக்கு," என்றார் லைல்.

"இருக்கட்டும். அத வாயால சொல்லு. டப்பாவால அடிக்காதே."

லைல் சொல்ல ஆரம்பித்தார். முதலில் கல் லாரி. அப்புறம் வளைவில் சிதறிக் கிடக்கிற ஜல்லி. சாயங்காலம் குறுக்கே பாய்கிற கங்காரு. மூடுபனி. சனிக்கிழமை கான்பெராவிலிருந்து அவசரமாக வருகிறவர்கள். யூகலிப்டஸ் பட்டை உரிந்து விழுந்த ஈரச் சாலை. நோரீன் குறுக்கே பேசாமல் ஒவ்வொன்றுக்கும் "ம்" கொட்டிக்கொண்டு, கியரைக் குறைத்து, வளைவு வளைவாக இறக்கினாள். கீலி பலகையைத் திருப்பி 'மெதுவாக' என்று காட்டி, பின்தட்டில் பச்சை வண்டியைப் பார்த்ததும் கையை உயர்த்தினாள். நெல்லிகன் பாலம் வந்தபோதும் லைல் சொல்லி முடித்திருக்கவில்லை.